விடைத்தாளில் இல்லாத பிப்ரவரி

ஜப்பானிய மொழியில் 'ஜட்சுகாகு' என்று ஒரு சொல் உண்டு. 'ஜட்சு' என்றால் கலவையான, ஒழுங்குபடுத்தாத என்று பொருள். 'காகு' என்றால் கல்வி. சேர்த்துப் படித்தால் சில்லறை அறிவு, துணுக்கு ஞானம் என்று வைத்துக்கொள்ளலாம். முதியோர் இல்லங்களிலும் பகல்நேரப் பராமரிப்பு மையங்களிலும் வாசித்துக் காட்டுவதற்கென்றே இந்த ஜட்சுகாகு மாதவாரியாகத் தொகுக்கப்படுகிறது. ஜனவரிக்கு ஒன்று, பிப்ரவரிக்கு ஒன்று என்று போகும். கடினமான காஞ்சி எழுத்துகளுக்கு மேலே உச்சரிப்பு போட்டிருப்பார்கள், வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். ஜப்பானியம் படிக்கிற என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிடச் சுலபமான பாடப்புத்தகம் கிடையாது. அப்படித்தான் நான் இதற்குள் போய் விழுந்தேன்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் 'டே சர்வீஸ்' என்கிற பகல் மையங்கள் ஊருக்கு ஊர் பெருகின. காலையில் வண்டி வந்து பெரியவர்களை அழைத்துப்போகும். குளியல், மதியச் சாப்பாடு, கொஞ்சம் உடற்பயிற்சி, அப்புறம் 'ரெக்' எனப்படும் பொழுதுபோக்கு நேரம். ஊழியர் ஒருவர் முன்னால் நின்று கேள்வி கேட்பார், பெரியவர்கள் பதில் சொல்வார்கள். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு, அல்லது வட்டமா பெருக்கலா (ஜப்பானில் சரி என்றால் வட்டம், தவறு என்றால் பெருக்கல் குறி). தினமும் புதிதாக ஏதாவது வேண்டும் என்பதால் தொகுப்புகளுக்குப் பஞ்சமில்லை.

நான் இவற்றை ஒரு இலக்கிய வகையாகவே படிக்கிறேன். சிரிக்காதீங்க. வாசகர், சந்தர்ப்பம், வடிவம் மூன்றும் இவ்வளவு துல்லியமாகத் தீர்மானிக்கப்பட்ட எழுத்து இன்றைக்கு ரொம்பக் குறைவு. வகை என்று வந்துவிட்டால் விமர்சனமும் வரத்தானே வேண்டும்.

பிப்ரவரியை எடுத்ததற்குக் காரணம், குளிர் முடியப்போகிற அந்த மாதத்தில்தான் சரக்கு அதிகம். செட்சுபுன், வசந்தத்தின் முதல் நாளான ரிஷ்ஷுன், ஊசிகளுக்கு நன்றி சொல்லும் ஹரி குயோ, காதலர் தினச் சாக்லேட், பூனை தினம் (22-ஆம் தேதி; இரண்டைக் குறிக்கும் 'நி'யை மூன்று முறை சொன்னால் பூனை கத்துகிற 'ந்யான்' மாதிரி கேட்கும்), உமே மரம் பூப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு ஆகும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடணும். இந்தத் தொகுப்புகளில் எனக்கு ரொம்பப் பிடித்த துணுக்கு வதனாபே கதை. செட்சுபுன் இரவில் வறுத்த சோயாவை வீசி 'ஒனி' என்கிற அரக்கனை விரட்டுவது வழக்கம். ஆனால் வதனாபே என்ற குடும்பப்பெயர் உள்ளவர்கள் வீசத் தேவையில்லை என்பார்கள். ஹெயான் காலத்து வீரன் வதனாபே நோ சுனா ஒரு ஒனியின் கையை வெட்டியதாகக் கதை. அதிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டாலே அரக்கர்கள் ஓடிவிடுவார்களாம். வதனாபே என்பது ஜப்பானில் தடுக்கி விழுந்தால் அகப்படுகிற பெயர். ஒரு மையத்தில் இருபது பேர் இருந்தால் ஒரு வதனாபே இருக்கவும் வாய்ப்பு உண்டு. அவரைப் பார்த்து, "உங்க வீட்டில் வீசுவீங்களா வதனாபே சான்?" என்று கேட்டால் போதும். அவர் வீட்டில் வீசியிருக்கலாம், வீசாமல் இருந்திருக்கலாம், இப்படி ஒரு கதையையே கேட்டிருக்காமலும் இருக்கலாம். எது சொன்னாலும் அது தாளில் இல்லாத பதில்.

என் அளவுகோல் இவ்வளவுதான். கேள்வி கேட்கிறவருக்குத் தெரியாத பதிலை அந்த அறையிலிருந்து வரவைக்கிற கேள்வி நல்ல கேள்வி. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பிப்ரவரித் தொகுப்புகளைப் படித்தால் பாதிக்கு மேல் தேறாது.

செட்சுபுன் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் 315 பாகை தீர்க்கரேகையை அடையும் நாள் ரிஷ்ஷுன். அதற்கு முந்தின நாள் செட்சுபுன். வருடம் என்பது சரியாக 365 நாள் இல்லை, லீப் வருடத்தால் சரிசெய்வதும் துல்லியமாகப் பொருந்தாது. அதனால் தேதி மெல்ல நகரும். 2021-ல் அது பிப்ரவரி 2-ல் வந்தது. 1897-க்குப் பிறகு, அதாவது 124 ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறை. செய்திகளில் எல்லாம் வந்த விஷயம் என்பதால், அதிலிருந்து இதுவே நிரந்தரக் கேள்வி ஆகிவிட்டது: "செட்சுபுன் எப்போதும் பிப்ரவரி 3-தான். வட்டமா, பெருக்கலா?" விடை பெருக்கல். விளக்கமாக அந்த 124 ஆண்டுக் கணக்கைச் சொல்லுவார்கள்.

இதில் என்ன குறை என்கிறீர்களா? 1984-ல் செட்சுபுன் பிப்ரவரி 4. அதற்கு முன்னாலும் லீப் வருடங்களில் 4-ஆம் தேதி வந்துகொண்டுதான் இருந்தது. 1985-லிருந்து 2020 வரைதான் அது அசையாமல் 3-ல் நின்றது. அப்படியானால் "எப்போதும் 3" என்கிற நினைப்பு யாருடையது? 1985-க்குப் பிறகு பிறந்த, கையில் தாள் வைத்திருக்கிற ஊழியருடையது. எதிரே உட்கார்ந்திருக்கும் எண்பது வயது அம்மா 4-ஆம் தேதி செட்சுபுன்களைப் பல முறை கடந்து வந்தவர். பிள்ளைகளுக்கு அந்தத் தேதியில் சோயா வறுத்துக் கொடுத்திருப்பார். தாளோ அவருக்கு 124 ஆண்டுக் கணக்கைக் கற்றுக்கொடுக்கிறது.

வயதுக் கணக்கு இன்னும் சுவாரசியம். வீசி முடித்ததும் அவரவர் வயதுக்கு ஈடாகச் சோயாக்களை எண்ணிச் சாப்பிட வேண்டும். சில ஊர்களில் வயதுக்கு ஒன்று கூட. தொகுப்புகள் இந்த 'ஒன்று கூட' என்பதை ஒரு வரியில் முடித்துவிடும். இந்த ஒன்றுக்குள்ளே ஒரு பெரிய கதை இருக்கு. பழைய 'கசோயேதோஷி' முறைப்படி பிறக்கும்போதே ஒரு வயது, பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல ஒரு வயது கூடும். பிறந்தநாளில் வயது கூடும் முறை ஏற்கெனவே சட்டத்தில் இருந்தாலும் மக்கள் பேச்சில் பழையதே நீடித்தது. 1949-ல் இதற்கென்று தனியாக ஒரு சட்டம் போட்டு, 1950 ஜனவரி 1 முதல் புதிய கணக்கில்தான் வயதைச் சொல்ல வேண்டும் என்றார்கள்.

1938-ல் பிறந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். 1949 டிசம்பர் 31 அன்று பழைய கணக்கில் அவளுக்கு வயது 12. மறுநாள் 13 ஆகியிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலையில் அவளுக்கு வயது 11. ஒரே ராத்திரியில் நாடு முழுவதும் ஜனங்களுக்கு வயது குறைந்தது! அந்த வருட செட்சுபுனில் அவள் எத்தனை சோயா சாப்பிட்டாள்? வீட்டுப் பெரியவர்கள் எந்தக் கணக்கில் எண்ணிக் கொடுத்தார்கள்? அவளுக்கு வருத்தமா, சந்தோஷமா? இப்படிக் கேட்கும் ஒரு தொகுப்பும் என் கண்ணில் படவில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது எண்பத்தெட்டு ஆகப்போகிறது. இன்னும் ஒரு பத்து, பதினைந்து வருடங்களுக்குத்தான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கும்.

(எண்பத்தெட்டு சோயாவை யார் மெல்லுவது என்று கேட்டால் நியாயம். பல்செட், தொண்டையில் சிக்கும் பயம் எல்லாம் உண்டு. அதனால் மையங்களில் செய்தித்தாளைச் சுருட்டிய உருண்டையையோ வண்ணப் பந்தையோ வீசுகிறார்கள். சோயாவுக்குப் பதிலாக 'ஃபுகுச்சா' குடிக்கும் பழைய வழக்கமும் உண்டு: மூன்று சோயா, கொம்பு என்கிற கடற்பாசித் துண்டு, உப்பில் ஊறிய உமேபோஷி ஒன்று, மேலே கொதிநீரோ தேநீரோ. வயதானவர்களின் சிரமம் அந்தக் காலத்திலேயே புரிந்துதான் இருந்திருக்கிறது.)

வீசுவது சோயாதான் என்பதே எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஹொக்கைதோ, தொஹொகு, நீகத்தா போன்ற பனி கொட்டும் வடபகுதிகளில் தோல் உரிக்காத வேர்க்கடலையை வீசுவார்கள். பனியில் விழுந்தாலும் கண்டுபிடித்து எடுக்கலாம், தோல் இருப்பதால் அழுக்கும் ஆகாது. தெற்கே ககொஷிமாவிலும் கடலை வீசும் வழக்கம் இருக்கிறது. கேள்வித்தாளில் இது "அட, அப்படியா!" ரகத் துணுக்காக வரும்: "ஹொக்கைதோவில் சோயாவுக்குப் பதில் எதை வீசுவார்கள்?" ஒரு தோக்கியோ ஊழியருக்கு இது விநோதம்தான். சப்போரோவில் வளர்ந்து, பிள்ளையோடு இருக்க தோக்கியோவுக்கு வந்து சேர்ந்த ஒரு தாத்தாவுக்கு அது தன் வீட்டு முற்றம். அதே தகவலை "உங்க வீட்டில் என்ன வீசுவீங்க?" என்று நாலு வார்த்தையில் கேட்டிருந்தால், அவர் அரைமணி நேரம் பேசியிருப்பார். தொகுப்பவருக்கும் ஒரு வரி மிச்சம்.

கூவுவதும் ஊருக்கு ஊர் மாறும். பொதுவாக "ஒனி வெளியே, நல்லது உள்ளே" என்று கூவுவார்கள். அசகுசாவில் உள்ள சென்சோஜி கோயிலில் ஒனியைப் பற்றிய பேச்சே கிடையாது. கன்னோன் முன்னிலையில் ஒனி இருக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. நரித்தாசானிலும் 'நல்லது உள்ளே' மட்டும்தான். இது பல தொகுப்புகளில் வருகிறது, நன்றாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

இனி எரிச்சலூட்டும் பகுதி. 'பிப்ரவரிக்கு ஏன் 28 நாள்?' என்ற கேள்விக்கு இன்னமும் அகஸ்டஸ் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தன் பெயர் கொண்ட ஆகஸ்டுக்கு 31 நாள் வேண்டும் என்று பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டார் என்பது கதை. 13-ஆம் நூற்றாண்டு அறிஞர் சக்ரபோஸ்கோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இது தவறு. ஜூலியஸ் சீசர் நாட்காட்டியைத் திருத்துவதற்கு முன்பே பிப்ரவரிக்கு 28 நாள்தான். ஆகஸ்டுக்கு அந்தப் பெயர் வருவதற்கு முன்பே, சீசரின் திருத்தத்திலேயே 31 வந்துவிட்டது. சரியான விஷயம் இதைவிட நல்ல கதை என்பதுதான் என் வருத்தம்: ரோமானியர்களின் பழைய வரிசையில் பிப்ரவரி ஆண்டின் கடைசி மாதம், பெயரே தூய்மைச் சடங்கிலிருந்து வந்தது. ஜப்பானின் ஒனி விரட்டலுக்கு மூலமான 'சுயினா' சடங்கும் ஆண்டின் கடைசி நாளில் அரண்மனையில் செய்யப்பட்டதுதான். 706-ல் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது அது நடந்ததாகப் பழைய வரலாற்றுக் குறிப்பு இருக்கிறது. சம்பந்தமே இல்லாத இரண்டு ஊரில் ஆண்டுக் கடைசியில் வீட்டையும் உடம்பையும் சுத்தம் பண்ணியிருக்கிறார்கள். இதை விட்டுவிட்டு எதுக்கு ஒரு நாள் திருட்டுக் கதை?

'கிசராகி' என்ற பழைய மாதப்பெயருக்கும் இதே கதி. குளிருக்கு உடைமேல் உடை உடுத்துவதால் அப்பெயர் என்று ஒரே விளக்கத்தை விடை என்று போட்டுவிடுகிறார்கள். அது பல ஊகங்களில் ஒன்று மட்டுமே.

எஹோமாக்கிக்கு வருவோம். செட்சுபுன் இரவில் அந்த வருடத்து நல்ல திசையைப் பார்த்து நின்று, ஒரு முழு சுஷி உருளையை, வெட்டாமல், வாய் பேசாமல், சாப்பிட்டு முடிக்க வேண்டும். தொகுப்புகளில் இது 'செட்சுபுன் மரபு' என்ற தலைப்பின் கீழ் வரும். ஒசாகா பக்கம் முன்பே இருந்த வழக்கம்தான். நாடு முழுக்கப் பரவியது 1998-ல் செவன்-இலெவன் கடைகள் எல்லா ஊரிலும் விற்க ஆரம்பித்த பிறகு. அதற்குப்பின் மீந்து குப்பைக்குப் போகும் உருளைகள் பெரிய பிரச்சினையாகி, 2019-ல் விவசாய அமைச்சகமே தேவைக்கேற்ப விற்கும்படி கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அப்படியென்றால் செந்தாயில் வளர்ந்த எண்பத்தைந்து வயதுக்காரருக்கு எஹோமாக்கி எப்போது அறிமுகம்? கிட்டத்தட்ட அறுபது வயதில், கன்வீனியன்ஸ் ஸ்டோர் விளம்பரத்தில். அவருக்கு அது பேரப்பிள்ளைகளின் மரபு. "நம் பழைய வழக்கம்" என்று அவரிடமே சொல்லி, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது வேடிக்கை. அதோடு, விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் நிறைந்த அறையில், நிறுத்தாமல் பேசாமல் தின்ன வேண்டிய பண்டத்தைப் பற்றி ஆறு கேள்வி! பல மையங்களில் காகிதத்தில் உருளை செய்து ஒட்டுகிறார்கள். அதுவரைக்கும் நல்லது.

சாக்லேட் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 1958-ல் ஷின்ஜுகுவின் இசெதான் கடையில் மேரி நிறுவனம் காதலர் தின விற்பனை என்று போட்டபோது கிட்டத்தட்ட வாங்க ஆளே இல்லை என்பது நல்ல கேள்வி, ஏனென்றால் அன்றைக்கு அங்கே வாங்காமல் கடந்துபோனவர்களும் இந்தப் பாட்டிமார்கள்தான்.

ஹரு இச்சிபன் என்று ஒரு சொல். 'வசந்தத்தின் முதலாவது' என்று பொருள். ரிஷ்ஷுனுக்கும் மார்ச் சம இரவு நாளுக்கும் இடையில் தெற்கிலிருந்து வீசும் முதல் பலத்த காற்றை வானிலைத் துறை இந்தப் பெயரில் அறிவிக்கும். தொகுப்புகளில் இது பூ, வெயில், 1976-ல் கேண்டீஸ் குழு பாடிய பாட்டு என்று இனிப்பாக வருகிறது. அந்தச் சொல்லோடு சேர்ந்த இன்னொரு நினைவு நாகசாக்கிக்கு வடக்கேயுள்ள இக்கி தீவில் இருக்கிறது. 1859-ல், பழைய நாட்காட்டியின் இரண்டாம் மாதம் 13-ஆம் நாள், கடலுக்குப் போன 53 மீனவர்கள் இந்தக் காற்றில் சிக்கி இறந்தார்கள். தீவின் கோனோஉரா துறைமுகத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. சில தொகுப்புகள் இதையும் சொல்கின்றன. பெரும்பாலானவை சொல்வதில்லை, 'பெரியவர்கள் மனசு கஷ்டப்படக் கூடாது' என்பதாக இருக்கலாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தொண்ணூறு வருடம் வாழ்ந்தவரிடம் சாவைப் பற்றிப் பேசக்கூடாது என்று முப்பது வயதுக்காரர் நினைப்பது எந்த ஊர் மரியாதை? மீனவக் கிராமத்திலிருந்து வந்த ஒருவர் அந்த அறையில் இருந்தால், அந்தக் காற்றைப் பற்றி அவர்தான் பேச வேண்டியவர்.

பிப்ரவரி 11-ல் இது இன்னும் கூர்மையாகிறது. தேசம் நிறுவப்பட்ட நாள் என்று விடுமுறை. "எந்தச் சக்கரவர்த்தி முடிசூடிய நாள்?" என்று கேட்டு, 'ஜிம்மு' என்று விடை சொல்லிவிட்டு நகர்கிறார்கள். மெய்ஜி காலத்தில் கிகென்செட்சு என்ற பெயரில் இருந்த நாள் இது. போருக்குப்பின் 1948-ல் நீக்கப்பட்டு, பலத்த வாதப்பிரதிவாதத்துக்குப் பிறகு 1966-ல் வேறு பெயரில் சட்டமாகி, 1967 முதல் கொண்டாடப்படுகிறது. 1935-ல் பிறந்தவர் 1942-ல் பள்ளியில் சேர்ந்திருப்பார். அடுத்த மூன்று பிப்ரவரிகளிலும் குளிரில் வரிசையாக நின்று, சக்கரவர்த்தியின் படத்துக்குத் தலைவணங்கி, தலைமையாசிரியர் கல்விக் கட்டளையை வாசித்து முடிக்கும்வரை அசையாமல் இருந்திருப்பார், கிகென்செட்சுப் பாட்டைப் பாடியிருப்பார். பாட்டு இன்னும் மனப்பாடமாக இருக்கக்கூடும். இவரிடம் போய் ஜிம்முவா, தென்ஜியா, கம்முவா என்று கேட்பது எப்படி இருக்கு பாருங்க. கிளறினால் அழுகையும் வரலாம், பெருமையும் வரலாம், சண்டைகூட வரலாம் என்பது புரிகிறது. ஆகவே எல்லா மையத்திலும் கேட்டே ஆகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்காமல் விடுவதற்கும் மூன்று பெயரைக் கொடுத்துக் குறுக்கிவிடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது எனக்கு அவமரியாதையாகப் படுகிறது.

"அவங்க சும்மா சிரிச்சு பொழுதுபோக்கத்தானே இது, நீ எதுக்கு இவ்வளவு சீரியஸா எடுத்துக்கிற?" என்று கேட்கலாம். நினைவுகளைப் பேசவைப்பதற்கு ஜப்பானிலேயே நல்ல பயிற்சி இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-ல், முதியவர்கள் பழையதையே பேசுவது மூளை மங்கியதன் அடையாளம் என்ற எண்ணத்தை மறுத்து, அது வாழ்க்கையைத் தொகுத்துப் பார்க்கும் வேலை என்று எழுதினார். அதிலிருந்து வளர்ந்த முறைக்கு ஜப்பானில் 'கைசோஹோ' என்று பெயர். ஐச்சி மாநிலத்தின் கித்தநகோயாவில் ஷோவா காலத்து அன்றாடப் பொருட்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ஊர் ஷிகட்சு என்ற பேரூராக இருந்த காலத்திலேயே, 2002-ல், கைசோஹோவுக்குத் தனி மையம் தொடங்கினார்கள். துணி துவைக்கும் பலகையைக் கையில் கொடுத்தால் பேச்சு தானாக வருகிறது. இவ்வளவு இருந்தும் துணுக்குத் தொகுப்புகள் பள்ளித் தேர்வின் வடிவத்தையே பிடித்துக்கொண்டிருப்பது சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன். ஊழியர்களின் சோம்பேறித்தனத்தைச் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறையில் திணறுகிறவர்கள் அவர்கள், கையில் கிடைத்த தாளைத்தான் வாசிக்க முடியும். எழுதித் தருகிறவர்களைச் சொல்கிறேன்.

தேர்வு வடிவத்தில் இன்னொரு கெடுதலும் உண்டு. முந்திக்கொண்டு பதில் சொல்கிற ஒருவர் எந்த அறையிலும் இருப்பார். மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வாயை மூடிக்கொள்வார். சரியான விடை என்று ஒன்று இருக்கும்வரை அவர் பேசமாட்டார்.

ஹரி குயோவை மட்டும் நான் எழுதினால் எப்படி எழுதுவேன் என்று போட்டுப் பார்த்தேன். கிழக்குப் பகுதியில் பெரும்பாலும் பிப்ரவரி 8-ல் வரும் நாள் (கியோத்தோ, ஒசாகா பக்கம் டிசம்பர் 8). ஒரு வருடமாக உடைந்த, வளைந்த ஊசிகளை மெத்தென்ற தோஃபுவிலோ கொன்யாக்குவிலோ குத்தி வைத்து, இத்தனை நாள் முரட்டுத் துணியில் உழைத்ததற்கு ஓய்வு தருவார்கள். வழக்கமான கேள்வி: "ஊசிகளை எதில் குத்துவார்கள்? 1. தோஃபு, 2. முள்ளங்கி, 3. மோச்சி." நான் விடையை முதலிலேயே சொல்லிவிடுவேன். ஒரு தட்டில் நிஜமான தோஃபுவை வைத்து மேசை நடுவில் வைப்பேன். பிறகு கேள்விகள்: முதலில் தைக்கக் கற்றது யாரிடம்? கிமோனோவா, மேல்நாட்டு உடையா? வீட்டில் தையல் மெஷின் எப்போது வந்தது, தவணையிலா? உடைந்த ஊசியை உங்க வீட்டில் என்ன செய்வாங்க? ஆண்களிடம்: பித்தானை யார் தைத்தார்கள், மனைவி இல்லாத நாளில்?

போருக்குப் பிந்தைய வருடங்களில் தையல் பள்ளிகள் பெருகிக் கிடந்த நாடு அது. எண்பதைத் தாண்டிய பெண்களில் ஊசி தொடாதவரைத் தேடத்தான் வேண்டும். தாளில் இதற்கெல்லாம் விடை போட முடியாது. வேண்டுமானால் ஊழியர் அடியில் நாலு வரி காலியாக விட்டு, வந்ததை எழுதிக்கொள்ளலாம். அடுத்த பிப்ரவரிக்கு அந்த மையத்தின் ஜட்சுகாகுவை அதிலிருந்தே தொகுத்துவிடலாம்.

அடுத்து செட்சுபுன் மறுபடி 2-ஆம் தேதியில் வருவது 2029-ல். கேள்வித்தாள்கள் அதற்கும் தயாராகிவிடும். 1984-ஐயும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கப்பா.